வட்டவிதானை வீடு

மட்டக்களப்பு ஆயித்தியமலைப் பக்கம் எங்கள் வீட்டை இன்றைக்கும் ‘வட்டவிதானை வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். அப்பா பங்குனியில் எங்களை விட்டுப் போனார். 31ஆம் நாள் கழிந்ததும் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இப்போதுதான் முடிகிறது.

வாய்க்காலையும் தண்ணி முறையையும் பார்க்கக் கமக்காரர்கள் தங்களுக்குள் தெரிவு செய்கிற ஆள் வட்டவிதானை. அறுவடை முடிந்ததும் ஏக்கர் கணக்கில் நெல் கொடுப்பார்கள். விளையாத போகத்தில் அப்பா அதைக் கேட்கவே மாட்டார்.

மாரிகாலப் பெரும்போக வேளாண்மைக்கு மழைத் தண்ணியே போதும். சண்டையெல்லாம் கோடைகாலச் சிறுபோகத்தில்தான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி அளந்துதான் வரும். மேலே உள்ளவர்கள் இரவோடு இரவாக வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணி பாயும் வாயை, அகலமாக வெட்டிவிட்டால், கடைசி வயலில் கதிர் தள்ளப்போகிற குடலைப் பயிர் கருகிவிடும். அதனால் அப்பா கடைசி வயலில் இருந்துதான் முறையைத் தொடங்குவார். எங்கள் வயல் நடுவில் இருந்தும் பட்டியலில் அதற்குத்தான் கடைசி இடம். அம்மாவுக்கு அதில் சரியான கோபம். “சொந்த வயல் வெடிச்சுக் கிடக்க ஊருக்குத் தண்ணி பாய்ச்சிற மனிசன்” என்பா. அதே அம்மாதான் நடுச்சாமத்தில் பிளேன்டீ ஊற்றிப் போத்தலில் கொடுத்து, டோர்ச் எரிகிறதா என்று பார்த்து அனுப்புவா. யானை இறங்குகிற காலமென்றால் அவர் திரும்பும்வரை படுக்கவும் மாட்டா.

ஊருக்கு உழைக்கிறவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் அப்பா விஷயத்தில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கணக்கெழுதிய தடித்த சீஆர் கொப்பி என்னிடம் இருக்கிறது. தண்ணி முறை, செத்த வீட்டுக்கு உதவுகிற மரணாதாரச் சங்கத்தின் சந்தா, எங்கள் சோதனைத் திகதி எல்லாம் அதில் ஒன்றாகவே கிடக்கின்றன. “வியாழன் இரவு மூன்றாம் வாய்க்கால். வெள்ளி காலை புள்ளைக்குக் கணக்குப் பேப்பர்.” அது என் ஏ.எல் (உயர்தர) சோதனை. விடிய விடிய வாய்க்காலில் நின்றவர் சேற்றைக் கழுவி, சாரத்தை மாற்றிக்கொண்டு, வவுணதீவு வரை என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போனார். வழியில் பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு, “எல்லாக் கேள்வியையும் ஒருக்கா வாசிச்சிட்டு எழுது புள்ள” என்றார், அவ்வளவுதான்.

மரணாதாரச் சங்கம் அவருடைய இளவயதுக் கதை. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது அவர் கலியாணம் ஆகாத இளந்தாரி. அந்த நாட்களில் ஒரு செத்த வீட்டார் வெள்ளைத் துணிக்குக் கடன் கேட்டு அலைந்ததைப் பார்த்திருக்கிறார். கூட்டாளிகளைச் சேர்த்துச் சங்கம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கதிரை, கிடாரம், பந்தல் தகரம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2007இல் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது சங்கக் கொப்பியும் எங்கள் உடுப்புப் பைக்குள் வந்தது. முகாமில் இறந்துபோன ஒரு கிழவிக்கு அங்கேயே சங்கக் காசு கொடுத்தார்கள்.

அப்புறம், செப்ரெம்பரில் ஆயித்தியமலை சதாசகாய மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் வாசலில் தேசிக்காய்த் தண்ணி. நாங்கள் கண்ணகியம்மனைக் கும்பிடுகிற குடும்பம். தாகத்துக்கு அதெல்லாம் தெரியுமா என்பார் அப்பா.

இப்போது வட்டவிதானையாக வந்திருக்கும் தம்பி, அப்பாவின் தண்ணி முறைப் பட்டியலைக் கேட்டு எடுத்தார். கொப்பிப் பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வரிசையை மாற்றுவதா என்று கூட்டத்தில் பேசினார்களாம். மாற்றவில்லை.