இடது கைக்கு 6 சென்டிமீட்டர்

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டார்கள், பிள்ளைக்கு ஒரு கை குட்டையாக இருக்கிறது, நீட்ட ஆபரேஷன் செய்யலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, அதைச் செய்துகொண்டவள்.

பிறந்த இருபதாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்து இடது தோள்மூட்டில் சீழ் கட்டியது. சீழை எடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் தோள் பக்கம் எலும்பை நீள வைக்கும் வளர்ச்சித் தட்டு கெட்டுப்போனது. மேற்கை எலும்பு, அதாவது தோளிலிருந்து முழங்கை வரை உள்ள எலும்பு, வளரும் நீளத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் அந்தத் தோள் முனையிலிருந்துதான் வருகிறது என்பது அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தையாக இருக்கும்வரை வித்தியாசம் கண்ணில் படவில்லை. வலது கை வளர வளர இடது கை பின்தங்கி, 18 வயதில் அளந்தபோது 7 செ.மீ. குறைவு.

கால் குட்டையாக இருந்தால் நொண்டி நடப்பதை ஊரே பார்க்கிறது, வைத்தியம் பார்க்கச் சொல்கிறது. கைக்கு அப்படி இல்லை. நாங்கள் முதலில் போன இடத்தில், "நடக்க முடிகிறதே, சாப்பிட முடிகிறதே, அப்புறம் என்ன" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். சோற்றுப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக் கஞ்சி வடிக்கும்போது பானை இடப்பக்கமாகச் சாய்ந்து சுடுகஞ்சி என் மேலேயே வழியும் என்பதையோ, ஸ்கூட்டி ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க உடம்பைத் திருக்கித் திருக்கியே முதுகு வலி வந்ததையோ, தலை பின்ன அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்ததையோ அவர்கள் கேட்கவே இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு வழி, 3, 4 செ.மீ. வித்தியாசத்தோடு பலர் நன்றாகவே வாழ்கிறார்கள். நல்ல கையை வெட்டிக் குறைப்பது அவருக்குச் சம்மதமில்லை. எலும்புக்குள்ளேயே ஒரு ஆணியை வைத்து வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் முறை இருக்கிறது, ஆனால் விலை மிக அதிகம், என் எலும்பின் உள்குழாயும் குறுகல். மிச்சம் இருந்தது வெளியே கம்பி போடுவது, அதாவது தோல் வழியாக எலும்பில் கம்பிகளைச் செருகி வெளியே ஒரு சட்டகத்தில் பிடித்து நிறுத்துவது. வளையமாகப் போடும் இலிசாரோவ் சட்டகம் மேற்கையில் நெஞ்சோடு உரசும் என்பதால், கையின் ஒரே பக்கம் நிற்கும் ரெயில் என்ற நேர்ச் சட்டகம் போட முடிவானது.

எலும்பை நீட்டும் இந்த முறை தொடங்கியது சைபீரியாவில். கவ்ரீல் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950களில் அங்குள்ள குர்கன் ஊரில் இதைச் செய்து காட்டினார். எலும்பை வெட்டி, வெட்டின இரண்டு முனையையும் மெதுவாக விலக்கினால் நடுவில் புது எலும்பு ஊறி வரும். 1980இல் கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறி அங்கே போய்த் தன் காலைச் சரிசெய்துகொண்டு திரும்பிய பிறகுதான் மேற்கு நாடுகள் இதைத் திரும்பிப் பார்த்தன.

எலும்பை வெட்டிய பிறகு 7 நாள் சும்மா விட்டார்கள். எட்டாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 1 மி.மீ., அதையும் ஒரேயடியாக இல்லை, கால்வாசிச் சுற்றாக நான்கு தடவை. காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 10. அம்மா ரெயிலின் திருகில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்திருந்தார், சின்னச் சாவியைப் போட்டு அந்தப் புள்ளி கால்வாசி நகரும்வரை திருப்புவார், உடனே காலண்டரில் ஒரு கோடு. திருப்பும்போது வலிக்காது, இரவில்தான் இழுக்கும். கம்பி தோலுக்குள் போகிற இடங்களைத் தினமும் சலைன் தொட்டுத் துடைக்க வேண்டும், ஒரு கம்பி இரண்டு முறை சிவந்து, மாத்திரை சாப்பிட்டு அடங்கியது. முதல் எக்ஸ்ரேயில் நடுவே வெறும் கறுப்பு இடைவெளி. ஐந்தாவது வாரம் எடுத்ததில் அதே இடத்தில் பஞ்சை இழுத்துப் பிரித்த மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அன்று அம்மா அழுதார்.

38ஆம் நாள் காலையில் கட்டைவிரலை மேலே தூக்க வரவில்லை, புறங்கையில் மதமதப்பு. மேற்கை எலும்பை ஒட்டி வளைந்து இறங்கும் ரேடியல் நரம்புக்கு இழுப்பு தாங்கவில்லை. உடனே போன் செய்தோம், 5 நாள் நிறுத்தச் சொன்னார்கள், விரல் மெதுவாகத் திரும்பியது. அப்புறம் ஒரு நாளைக்கு இரண்டே தடவை, மொத்தம் அரை மி.மீ. 6 செ.மீ. வந்ததும், "இதோடு போதும்மா" என்றார் டாக்டர். எனக்கும் போதும் என்றிருந்தது.

நீட்டுவது முடிந்தாலும் கம்பி கழலாது. சென்டிமீட்டருக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொன்னார்கள், எனக்கு ஏழரை மாதம் ஆனது. அத்தனை மாதமும் முழங்கைக்குப் பிசியோதெரபி. அதில் சோம்பினால் எலும்பு நீண்டும் கை மடங்கியே நின்றுவிடும். என் முழங்கை இன்னும் கடைசி 10 டிகிரி நீளவில்லை.

ஆபரேஷன் செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்காக, சொந்தக்காரர் வாய்க்காக என்றால் தயவுசெய்து இழுத்துவிடாதீர்கள், பிள்ளையிடம் எந்த வேலைக்குக் கை எட்டவில்லை என்று உட்கார்ந்து கேளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு: காலுக்கு இல்லை, கைக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நடுவில் நரம்பு இழுபட்டு மணிக்கட்டு தொங்கினால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?