180 மாத்திரைகளும் ஒரு மார்க்கர் பேனாவும்

அப்பாவுக்கு நுரையீரல் காசநோய் என்று உறுதியானதும், அவரோடு ஒரே வீட்டில் இருந்த எங்களையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். எனக்கு முன்கையில் போட்ட பரிசோதனை ஊசி மூன்றாம் நாள் நன்றாகத் தடித்திருந்தது. ஆனால் இருமலோ காய்ச்சலோ இல்லை, எக்ஸ்ரேயிலும் குறை இல்லை. கிருமி உள்ளே உறங்கும் இந்த மறைநிலைத் தொற்று, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் என்றாவது நோயாக மாறலாம் என்பதால், ஐசோனியசிட் 300 மில்லிகிராம் தினம் ஒன்று வீதம் ஆறு மாதமும், கை கால் மரத்துப்போகாமல் இருக்க வைட்டமின் பி6 மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். நோய் இருப்பவருக்கு இந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும் என்பதாலேயே முதலில் எக்ஸ்ரே எடுத்தார்களாம்.

விழுங்குவதில் சிரமம் இல்லை. விழுங்கினோமா என்பதில்தான் சிரமம். அப்பாவுக்கு அவருடைய இருமலே மருந்தை நினைவூட்டியது. ரிஃபாம்பிசின் சேர்ந்த மாத்திரையால் அவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லாததைப் பார்த்து, "உன் மருந்து வேலை செய்கிறதா?" என்று அவர் சந்தேகமே பட்டார்.

முதலில் தினசரி நாள்காட்டித் தாளில் குறி போட்டேன். அம்மா காலையில் ராசிபலன் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுவதால், என் கணக்கும் குப்பைக்குப் போனது. கைப்பேசி அலாரம் அதைவிட மோசம். அதை நிறுத்தியது நினைவிருக்கும், அதன் பிறகு தண்ணீர் எடுத்தோமா என்பது நினைவிருக்காது. இரண்டாவது வாரம் ஒருநாள், சாப்பிட்டேனா இல்லையா என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன்.

அன்று மாலையே, அட்டையின் பின்பக்கத்து வெள்ளித்தாளில், ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராக அது எந்த நாளுக்குரியது என்று மார்க்கரால் எழுதினேன். பத்து மாத்திரை கொண்ட அட்டை என்பதால் எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேதி கிழிந்திருந்தால் விழுங்கியாயிற்று, முழுதாக இருந்தால் இல்லை. அதன்பின் நினைவை நம்ப வேண்டிய தேவையே வரவில்லை.

நான்காம் மாதம் உறவினர் திருமணத்துக்குப் போனபோது அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். இரண்டு நாள் விட்டுப்போயிற்று. திரும்பி வந்து இரண்டு இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டலாமா என்று கேட்டதற்கு, செவிலியர் அக்கா கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு, தேதிகளை இரண்டு நாள் தள்ளி எழுதிக்கொள்ளச் சொன்னார். கணக்கு நாளில் இல்லை, மாத்திரையில் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. கண் மஞ்சளானாலோ, பசி விட்டுப்போனாலோ அடுத்த மாத்திரை போடாமல் உடனே வரவேண்டும் என்றும், மதுவோடு சூரை மீனையும் தவிர்க்க வேண்டும் என்றும் அவரே எச்சரித்தார். மீன் விஷயம் எனக்குப் புதிது. இந்த மருந்தோடு அது சேர்ந்தால் முகம் சிவந்து படபடப்பு வரக்கூடுமாம்.

கடைசி மாத்திரையை இரண்டு நாள் தாமதமாக முடித்தேன். காலியான பதினெட்டு அட்டைகளையும் ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு என் சிகிச்சைப் பதிவு அட்டையில் 'முடிந்தது' என்று எழுதினார்.