மண்ணிலிருந்து பி.டி. பிரித்தெடுத்தல்: படிகம் தெரிந்துவிட்டது

புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவான பாசிலஸ் துரிஞ்சியென்சிஸை (சுருக்கமாக பி.டி.) மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் முயற்சியில், ஒருவழியாக அதன் புரதப் படிகம் தெரிந்துவிட்டது. சிறுமலை அடிவாரத்தில் மாமா தோட்டத்து வேலியோர மண்ணிலிருந்து எடுத்து, தட்டில் வளர்த்த காலனி (பாக்டீரியாக் கூட்டம்). ஸ்லைடில் தேய்த்துச் சாயம் ஏற்றி எண்ணெய் லென்ஸில் பார்த்தால், ஸ்போர்களுக்கு (பாக்டீரியாவின் உறங்குநிலை வித்துகளுக்கு) பக்கத்திலேயே கருநீலமாக, இரண்டு முனையும் கூராகக் கிடக்கிறது. இரட்டைக் கூம்பு வடிவம். பெரும்பாலும் க்ரை1 வகைப் புரதம்தான் இப்படிப் படிகமாகும், அதுதான் முட்டைக்கோஸ் புழு, காய்ப்புழு வகையறாக்களைக் கொல்வது. பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயர் சொல்லத் துணிவு வந்தது இதைப் பார்த்த பிறகுதான். காலனியை மட்டும் பார்த்து யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இதன் நெருங்கிய உறவான பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவும் அதே மாதிரி பளபளப்பில்லாமல், வெளுத்து, ஓரம் ஒழுங்கில்லாமல்தான் வளரும். இரண்டுக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வித்தியாசம் இந்தப் படிகம்.

மண் எடுப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. மேல் மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு, இரண்டு மூன்று விரல்கடை ஆழத்தில் எடுத்தேன். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் ஸ்போர் செத்துவிடும் என்பதால்தான் இந்த ஆழம். பி.டி. மருந்து அடித்த வயலைத் தவிர்த்துவிடுங்கள், கடையில் விற்கிற அதே ரகம் திரும்பக் கையில் வந்து நிற்கும்.

பிரித்தெடுக்க டிராவர்ஸ், மார்ட்டின் குழு 1987-இல் வெளியிட்ட அசிடேட் முறையைத்தான் பிடித்துக்கொண்டேன். அரை கிராம் மண், 10 மில்லி எல்.பி. திரவம் (பாக்டீரியா வளர்க்கும் சத்துத் திரவம்), அதில் 0.25 மோலார் சோடியம் அசிடேட், பி.எச். 6.8, 30 டிகிரியில் நான்கு மணி நேரம் குலுக்கல். அசிடேட் இருந்தால் பி.டி. ஸ்போர் முளைக்காமல் உறங்கும். மற்ற பாக்டீரியாக்களின் ஸ்போர்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைக் கண்டதும் முளைத்துவிடும். முளைத்ததற்குச் சூடு தாங்காது. அந்த நேரம் பார்த்து 80 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால் முளைத்ததெல்லாம் சாகும், உறங்குவது பிழைக்கும். என்ன அழகான யோசனை! இந்த முறையை வைத்து மார்ட்டினும் டிராவர்ஸும் பல நாடுகளின் 1,115 மண் மாதிரிகளைப் பார்த்து, 785-இல் பி.டி. இருந்ததாக 1989-இல் எழுதினார்கள். ஆக, மண்ணில் இது அபூர்வமே இல்லை. கூட்டத்திலிருந்து தனியாகப் பிரிப்பதுதான் பாடு.

அந்தப் பாடு முழுக்க இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது அசிடேட். இது இரண்டு உருவில் விற்கிறது. நீரற்றதாக இருந்தால் லிட்டருக்கு 20.5 கிராம், மூன்று நீர்மூலக்கூறு சேர்ந்த உப்பாக இருந்தால் 34 கிராம் போட வேண்டும். நான் வாங்கிய கடையில் பெரிய டப்பாவிலிருந்து பிரித்துச் சின்னப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார்கள். லேபிளில் "சோடியம் அசிடேட்" என்று மட்டும் இருக்கிறது, எந்த உரு என்று இல்லை. போன் செய்தால் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள். ஒன்றே இல்லை! மாற்றிப் போட்டால் அளவு 0.15-க்கு இறங்கும், அல்லது 0.4-க்கு ஏறும், பிறகு முறையே கெட்டுவிடும். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 10 கிராமை பீக்கரில் போட்டுச் சூடாக்கினேன். முதலில் இளகித் தன் நீரிலேயே கரைந்து, அப்புறம் கொதித்து, கடைசியில் வெள்ளைப் பொடியாகக் காய்ந்தது. எடை போட்டால் 6 கிராம். ஐந்தில் இரண்டு பங்கு நீராகப் போயிருக்கிறது என்றால் அது மூன்று நீர் உப்பேதான். கணக்கு சரி.

இரண்டாவது சூடு. "80 டிகிரி, மூன்று நிமிடம்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் வெந்நீர் 80-இல் இருப்பதும் குழாய்க்குள் இருக்கிற திரவம் 80-ஐத் தொடுவதும் வேறு வேறு. அதனால் அதே அளவு திரவம் ஊற்றிய இன்னொரு குழாயைப் பக்கத்தில் நிறுத்தி, அதற்குள் வெப்பமானி முனையை விட்டு, அது 80-ஐத் தொட்ட பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடுகிறேன். மெல்லிய சின்ன பிளாஸ்டிக் குழாயில் அரை மில்லி போதும், தடித்த கண்ணாடி வேண்டாம். இன்னொன்று முக்கியம்: குழாய் மூடிவரை நீருக்குள் முழுக வேண்டும். குலுக்கும்போது மேல் சுவரில் ஒட்டிய துளிகள் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் அவற்றுக்குச் சூடே படாது. அதிலிருக்கிற பாக்டீரியா உயிரோடு திரும்பி வந்து தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். நேரம் கொஞ்சம் கூடினால் பயமில்லை, 80 டிகிரியில் 10 நிமிடம் வைக்கிற ஆய்வகங்களும் உண்டு. குறையத்தான் கூடாது. முடிந்ததும் சட்டென்று ஐஸ் நீரில் போட்டுவிடுங்கள்.

சாயத்துக்கு வருவோம். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி வைத்திருப்பவர்கள் புண்ணியவான்கள், அவர்களுக்கு இது தேவையே இல்லை. சாதாரண நுண்ணோக்கிக்கு கூமாசி நீலம்தான் கதி: 50 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.133 சதவீதம், மூன்று நிமிடம், கழுவிக் காயவைத்துப் பார்க்க வேண்டும். படிகம் முழுக்கப் புரதம் என்பதால் அடர்நீலமாக ஏறும். ஸ்போர் நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் நீலமாக நிற்கும். ஆனால் சாயமே சில சமயம் படிந்து, கூர்கூராக மணி மணியாகப் படிகம் மாதிரியே ஏமாற்றும். ஒவ்வொரு முறையும் சாயத்தை வடிதாளில் வடிகட்டுங்கள். எதுவும் தேய்க்காத வெற்று ஸ்லைடு ஒன்றுக்கும் கூடவே சாயம் ஏற்றி, முதலில் அதைப் பாருங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால்தான் மற்றதை நம்ப வேண்டும். காலனிக்கும் வயதாக வேண்டும். இளம் காலனியில் கம்பி கம்பியாகச் செல்தான் தெரியும். துளி மாங்கனீசு சேர்த்த தட்டில் மூன்று நான்கு நாள் விட்டால் செல் உடைந்து ஸ்போரும் படிகமும் தனித்தனியாக வெளியே கிடக்கும்.

புழுச் சோதனையும் பார்த்தாகிவிட்டது. ஒட்டன்சத்திரம் பக்கத்து முட்டைக்கோஸ் வயலில் வைரமுதுகு அந்துப்பூச்சி எடுத்து வந்து, கடுகு நாற்றில் வளர்த்தேன். முட்டைக்கோஸ் இலையை வட்டமாக வெட்டி, ஸ்போர்-படிகக் கலவையில் முக்கி உலர்த்திக் கொடுத்தேன். இன்னொரு டப்பாவுக்கு வெறும் நீரில் முக்கிய இலை. நீர் டப்பாவில் இலை சல்லடையாகிவிட்டது. மற்றதில் ஓரத்தில் நாலு கடி, அத்தோடு சரி. புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது, அங்கே படிகம் கரைந்து குடல் சுவரைத் துளைக்கிறது, அதனால் சாவதற்கு முன்பே தீனி நின்றுவிடும். மூன்றாம் நாள் பெரும்பாலான புழுக்கள் கறுத்துத் துவண்டு கிடந்தன. இந்தப் பூச்சியில் இது வேலை செய்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பி.டி. மருந்துக்கு வயலிலேயே முதலில் எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட பூச்சி இதுதான்.

உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் வீட்டருகே யாரும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா இதை முதலில் கண்டதே செத்த பட்டுப்புழுவில்தான். பிறகுதான் 1911-இல் பெர்லினர் ஜெர்மனியின் துரிஞ்சியா மாவு ஆலை அந்துப்பூச்சியில் கண்டு, அந்தப் பகுதியின் பெயரை வைத்தார். என் தட்டுகள் எல்லாம் குக்கரில் வெந்த பிறகுதான் குப்பைக்குப் போகின்றன. சீரியஸ் சாப்பாட்டை விஷமாக்கும், ஆந்த்ராக்ஸ் கிருமியும் இதே குடும்பம். கையுறை இல்லாமல் தொடுவதில்லை, சமையலறைக் குக்கரைப் பயன்படுத்துவதும் இல்லை.

நெல் மில் தூசியிலும் பி.டி. நன்றாகக் கிடைக்கும் என்பதால் பழைய மில் ஒன்றில் கேட்டு வைத்திருக்கிறேன். இதற்கிடையே வாழைத்தோட்ட மண்ணில் வந்த இன்னொரு காலனியில் படிகம் உருண்டையாக இருக்கிறது. அந்துப் புழுவை அது ஒன்றும் செய்யவில்லை. உருண்டைப் படிகம் என்றதும் 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்த இஸ்ரேலென்சிஸ் ரகம்தான் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம்கூட அந்த ரகத்தை வைத்துக் கொசுப்புழு மருந்து உருவாக்கியிருக்கிறது. என்னுடையது அதுவா என்று கொசுப்புழுவை டம்ளரில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பூச்சியையும் கொல்லாத படிகங்களும் நிறைய உண்டு.

அதற்கு முன் சிறுமலைக் காலனிக்கு ஒரு சோதனை பாக்கி. சில ரகங்கள் பீட்டா எக்சோடாக்சின் என்ற இன்னொரு நஞ்சையும் வெளியே விடும். அது பாலூட்டிகளுக்கும் ஆகாது. குக்கர் சூட்டிலும் அழியாது என்பதால் பிடிப்பது எளிது: வளர்த்த திரவத்தைத் தெளியவைத்து, 121 டிகிரியில் 15 நிமிடம் வேகவைத்து, ஈப் புழுவுக்குத் தீனியில் கலந்து கொடுக்க வேண்டும். ஈ செத்தால் இந்தக் காலனியை எவ்வளவு ஆசையாக எடுத்திருந்தாலும் அழித்துவிடுவேன். பிழைத்தாலும் தோட்டத்தில் தெளிக்கப் போவதில்லை. விற்பனை என்றால் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன்படி பதிவு வேண்டும், அது என் வேலையும் அல்ல. எனக்கு வேண்டியது நம் ஊர் மண்ணில் என்னென்ன ரகம் இருக்கிறது என்ற பட்டியல். ஈ முட்டைக்குக் கோதுமைத் தவிடும் பாலும் கலந்து நேற்றே வைத்தாகிவிட்டது.