பம்பு எப்போது ஓடியது?

இங்கிலாந்தின் கிழக்கே, ஈலி ஊரைச் சுற்றியுள்ள ஃபென்ஸ் பகுதியில் வடிகால் பம்பு நிலையங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நீர்மட்ட சென்சார், பம்பைத் தானாக ஓட்டி நிறுத்தும் பேனல், குப்பை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி அடைப்பு, இவற்றோடுதான் பொழுது போகும். சேர்ந்த புதிதில் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. இங்கே ஆறு மேலே ஓடுகிறது, வயல் கீழே கிடக்கிறது. சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் கரைக்கு மேலே படகு போகும்.

அதை எனக்கு விளங்கவைத்தவர் கூட வேலை பார்த்த பழைய பம்பு ஆபரேட்டர். குளிர்கால ஞாயிறுகளில் பைக் என்ற மீனைப் பிடிக்கப் போவார், அப்புறம் என்னையும் இழுத்துப் போனார். அம்மாவிடம் போனில் “பைக் பிடிக்கப் போறேன்” என்றேன். “லைசென்ஸ் எடுத்துட்டியா?” என்றாள். எடுத்திருந்தேன், இங்கே தூண்டில் போடவும் லைசென்ஸ் வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஹோம் ஃபென் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். விட்டில்சி மியர் என்ற பெரிய ஏரியை வற்றவைத்த சமயம், 1851இல், அங்கே ஓர் இரும்புத் தூணை உச்சி தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. இறங்கியது நிலம். “உன் சம்பளம் இதிலிருந்துதான் வருகிறது” என்றார்.

ஒரு காலத்தில் விலாங்கும் நாணலும் நிறைந்த சதுப்பாக இருந்தது இந்தப் பகுதி. 1630களில் பெட்ஃபோர்டு பிரபுவும் கூட்டாளிகளும் பணம் போட, சதுப்பை வடிக்க டச்சுக்காரர் வெர்முய்டன் கால்வாய் வெட்டினார். 1637இல் ஒன்று, அதற்கு இணையாக 1651இல் இன்னொன்று. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல 30 கிலோமீட்டருக்கு மேல். டன்பர் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளையும் மண் சுமக்க வைத்தார்கள். மீனும் வாத்தும் பிடித்துப் பிழைத்த உள்ளூர்க்காரர்கள் கரைகளை உடைத்துப் பார்த்தார்கள். ஆனால் திட்டத்தை உண்மையில் கவிழ்த்தது மண்தான். தண்ணீர் வடிந்ததும் பீட் என்ற கறுப்பு மக்கு மண் சுருங்கியது, காற்றுப்பட்டு மக்கிக் கரைந்தது. நிலம் இறங்க இறங்க வயல் நீர் ஆற்றுக்கு ஏற மறுத்தது. காற்றாலை வைத்தார்கள். அது போதாமல் நீராவி, பிறகு டீசல், இப்போது மின்சாரமும் என் பேனலும். இறைக்க இறைக்க நிலம் இன்னும் இறங்குகிறது.

பார்வைக்கு இந்த வடிகால்கள் உயிரற்றவை. வளைவு இல்லை, நிழல் இல்லை. ஆனால் குளிரில் சின்ன மீன்கள் பாலத்தடியிலும் பம்பு நிலையத்து ஆழத்திலும் கூட்டமாக ஒதுங்கும். நம்மூர் விரால் போல, பைக் அதன் அருகே பாசியோரம் அசையாமல் காத்திருக்கும். பற்கள் நூலை அறுத்துவிடும், அதனால் தூண்டில் முள்ளுக்கு முன்னால் கம்பி கட்ட வேண்டும். பிடித்ததை முள் எடுத்துத் திரும்ப விட்டுவிடுவார்.

ஒரு ஜனவரியில், இரவு மின்கட்டணம் மலிவு என்று பம்புகளை நடுராத்திரிக்கு மாற்றியிருந்தேன். திங்கட்கிழமை வந்தவர், “சனி இரவு உறைந்த பிறகுதானே ஓடவிட்டாய்?” என்றார். பதிவைப் பார்த்தேன். அதிகாலை 2:10. எப்படித் தெரிந்தது? நாணல் தண்டுகளில் கண்ணாடிபோலப் பனிக்கட்டித் தகடு தொங்கியதாம், தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே. நீர் உறைந்தபின் மட்டம் இறங்கியிருக்கிறது. “ஒரே இழுப்பில் இழுத்தால் குஞ்சுமீன் எல்லாம் உன் பம்புக்குள்தான் வரும்.”

சரி என்று பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு தவணையாக, மெதுவாக ஓடும்படி மாற்றினேன். கட்டணம் ஏன் கூடியது என்று மேலாளர் கேட்டார். நாணலில் தொங்கிய பனிக்கட்டியைப் பற்றி எப்படிச் சொல்வது? அடைப்பில் குப்பை குறையும் என்றேன். அதுவும் உண்மைதான்.

அடுத்த ஞாயிறு என் தக்கை மெல்ல நகர்ந்தது. நெஞ்சு படபடக்கச் சுண்டினேன். முள்ளில் ஒன்றுமில்லை.

அவர் பிளாஸ்கைத் திறந்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். “மீன் இல்லை. உன் முதல் தவணை.”