அப்பா பிடித்த சங்கிலி

அப்பாவின் வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறது. எஃகு நாடா அறுத்தது. 1969இல் இங்கே சிங்கப்பூரில் நில அளவைத் துறையில் செயின்மேன், அதாவது அளவுச் சங்கிலி பிடிப்பவர், வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. சர்வேயர் கருவியோடு நிற்பார். அப்பா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு லாலாங் புல்லுக்குள் நுழைவார். இழுப்பு தளர்ந்தால் அளவு தப்பும். வெயில் ஏறினால் எஃகு நீளும், அதற்கும் கணக்கு உண்டு. "சும்மா பிடிச்சிக்கிட்டு நிக்கிற வேலைன்னு நினைச்சியா?" என்று இன்றைக்கும் கேட்பார்.

நாடா வந்த பிறகும் வேலையின் பெயரில் சங்கிலி ஒட்டிக்கொண்டது. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் வகுத்த அளவு அது: 66 அடி நீளம், 100 கண்ணி. எண்பது சங்கிலி ஒரு மைல். ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் இருந்தால் சரியாக ஒரு ஏக்கர். பெருக்கல் தெரிந்தவர் நிலத்தில் நின்றபடியே ஏக்கர் சொல்லிவிடலாம். இதை விளக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவரால்தான் வரைபட வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி, அந்தத் தூரத்தை யார் நடந்தார்கள் என்பதுதான்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. சுமார் 2,600 ஆண்டுப் பழசு, கைக்குள் அடங்கும் அளவு. நடுவில் பாபிலோன், சுற்றிலும் வளையமாகக் கடல். அவர்களின் உலகம் அவ்வளவுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய புவியியல் நூலில் மதுரையும் காவிரிப்பூம்பட்டினமும் வருகின்றன. மலாய்த் தீபகற்பத்துக்கு அவர் எழுதிய பெயர் பொன் தீபகற்பம். மாலுமிகளும் வணிகர்களும் சொன்ன தூரங்களை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாற்றி எழுதினார். எண் போட்டு எழுதியதால்தான், ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அதை வைத்துப் புதிதாகப் படம் வரைய முடிந்தது.

நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று அப்பா கேட்டார். அவருக்கு லெய்டன் செப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த சாசனம். அதில் படம் இல்லை. ஆனால் ஊரின் எல்லை முழுக்கச் சொற்களால் வரையப்பட்டிருக்கிறது: இந்த வாய்க்காலுக்கு மேற்கு, அந்த ஊர் எல்லைக்குத் தெற்கு என்று வரி வரியாகப் போகிறது. ஒரு பெண் யானையை முன்னே விட்டு, ஊரார் பின்னால் நடந்து, எல்லையைச் சுற்றி வந்திருக்கிறார்கள். 'பிடிசூழ்ந்து', 'கல்லும் கள்ளியும் நாட்டி' என்பவை அதில் வரும் சொற்கள். கல் நட்டார்கள், பக்கத்தில் கள்ளிச்செடி நட்டார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கல்லு நட்டாதாம்மா அளவு நிக்கும். பேப்பர்ல கோடு போட்டா போதாது" என்றார். அவரும் இங்கே எத்தனையோ எல்லைக்கல் நட்டவர்.

2016இல் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். பெரிய கோயில் வெளிப்பிராகாரத்தில் உட்கார்ந்து இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் லாம்ப்டனின் கதையைச் சொன்னேன். 1802 ஏப்ரலில் தொடங்கி, சென்னை பரங்கிமலைப் பக்கம் 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து முடிக்க அவர்களுக்கு ஐம்பத்தேழு நாள் ஆனது. அந்த ஒரு கோட்டின் நீளம் பிழையில்லாமல் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் கோணம்தான். கோட்டின் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணம் கிடைக்கும், அதன் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். அப்படிக் கட்டிக்கொண்டே இமயம் வரை போனார்கள். இவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர்தான் உலகத்தின் உயரமான சிகரத்துக்கு வைக்கப்பட்டது.

ஆனால் காவிரிக் கழிமுகத்தில் குன்று ஏது? எங்கு பார்த்தாலும் வயலும் தென்னையும். அதனால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது, அளவு வட்டம் நெளிந்தது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்.

அப்பா கோயில் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கயிறு பிடிச்சவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் படித்த எதிலும் அது இல்லை. காட்டில் மரம் வெட்டி வழி எடுத்தவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள், சங்கிலி சுமந்தவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் எல்லாரும் நம் ஊர் ஆட்கள்தான். வரைபடத்தின் மூலையில் அவர்கள் பெயர் கிடையாது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

சிங்கப்பூருக்கு வருவோம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணங்களோடு சேர்த்துச் சொல்லப்படும் சீனக் கடல் வரைபடத்தில் தெமாசெக் இருக்கிறது, சிங்கப்பூரின் பழைய பெயர் அது. அந்தப் படம் நாடாவைப் போல நீளமானது, வடக்கு மேலே இருக்கும் என்ற கட்டாயமில்லை. கப்பல் போகும் வழிதான் அதில் முக்கியம், எந்தத் திசையில் எத்தனை நேரம் ஓட்டுவது என்று எழுதியிருக்கும். மலாக்காவில் பிறந்த வரைபடக்காரர் எரேதியா 1604இல் வரைந்த படத்தில் தானா மேராவும் பிடோக் ஆறும் வந்துவிட்டன. நான் தினமும் எம்ஆர்டி ரயிலில் அறிவிப்பாகக் கேட்கும் பெயர்கள்! தானா மேரா என்றால் செம்மண், கடலிலிருந்து பார்த்தால் தெரிந்த செங்குன்று அது. பிடோக் பக்கத்துக் குன்றுகளின் மண் 1960களில் கிழக்குக் கரையைத் தூர்க்கப் போயிற்று.

1822இல் உருவான ஜாக்சன் வரைபடம் எல்லாருக்கும் தெரிந்தது. சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் சூலியா கம்பம் என்று நம்மவர்களுக்கு ஓர் இடம் குறித்திருக்கும் (கம்பம் என்பது கம்போங், மலாயில் கிராமம்). அது நடந்து அளந்த படமல்ல, ஊர் இப்படி அமைய வேண்டும் என்று, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் திட்டமிட்டது. லிட்டில் இந்தியா என்னும் தேக்காவில் வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்பார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்களில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். இது போன்ற பெயர்கள் பாட்டிகளின் வாயில்தான் இருந்தன. உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் தயவுசெய்து எழுதி வையுங்கள்.

அப்பா வேலை செய்த துறை 2001இல் நில ஆணையத்தோடு சேர்ந்துவிட்டது. இப்போது துணைக்கோள் இடத்தைச் சொல்லிவிடுகிறது, ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் என் புளோக் வாசல்வரை தெரிகிறது. 1960களில் 580 சதுர கிலோமீட்டர் சொச்சமாக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அப்பா நட்ட கற்களில் சில, அன்று கரையோரம் நின்றவை, இப்போது ஊருக்குள் இருக்கின்றன.

போன ஞாயிறு தெலுக் ஆயர் தெருவுக்குப் போனோம். நாகூர் தர்கா 1830 வாக்கில் எழுந்தபோது தெருவுக்கு அந்தப் பக்கம் கடல். கப்பலில் வந்து இறங்கியவர்கள் நேரே வந்து தொழுத இடம். கோப்பி குடித்துவிட்டு, தர்கா வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் எட்டு வைத்து எண்ணலாம் என்றார் அப்பா. அவருடைய எட்டு எழுபத்தைந்து சென்டிமீட்டர், எழுபத்தேழு வயதிலும் அது மாறவில்லை. பூன் டாட் தெரு, லாவ் பா சாட், ஷென்டன் வே. சிக்னலில் நிற்கும்போது எண்ணிக்கையை மனசில் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தபடி நின்றார். நான் பேசவில்லை. மரினா பே கைப்பிடியைத் தொட்டபோது 1,180.

"எண்ணூத்து எம்பத்தஞ்சு மீட்டர்," என்றார். அப்புறம் கைப்பிடிக்கு வெளியே குனிந்து பார்த்தார். "ஆனா இது இப்ப கடல் இல்லையே."

சரிதான். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அது நன்னீர்த் தேக்கம். கடல் அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "ஆயிரத்து நூத்து எம்பத்தொண்ணு" என்று ஆரம்பித்துக் கரையோரமாக நடக்கத் தொடங்கிவிட்டார்.