முதல் ரெண்டு வரி: மார்த்தாண்டத்துல உட்கார்ந்து கேப்ஷன் எழுதுற வேலை

கேப்ஷன் எழுதுறதுன்னா போட்டோவுக்குக் கீழ நாலு வரி அழகா போடுற வேலைன்னுதான் நிறைய பேரு நினைக்கறாங்க. ஆனா பாதிக்கு மேல இது கேட்கற வேலை. பொருளைச் செய்யறவங்ககிட்ட போய் உட்கார்ந்து, அவங்க வேலை செய்யற நேரத்துல தொந்தரவு பண்ணாம, அவங்களே சாதாரணமா சொல்லிட்டுப் போற ஒரு விஷயத்தைப் பிடிச்சிக்கணும். அதைத்தான் எழுதணும். மத்ததெல்லாம் யாரு வேணா எழுதிரலாம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்துல ஒரு சின்ன ஆபீஸ்ல இருக்கேன். எங்ககிட்ட வர்றவங்க தேன் யாவாரம் பண்றவங்க, ஏத்தங்கா, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் போடுறவங்க, ஜவுளிக்கடை, ரப்பர் நாத்து விக்கற நர்சரி, வீட்டுலயே முந்திரிக்கொத்து (பாசிப்பயறு உருண்டையை மாவுல முக்கிப் பொரிக்கற பலகாரம்) செஞ்சு கொரியர்ல அனுப்புற அக்காமாரு, இப்படித்தான். இங்கேருந்து களியக்காவிளை பக்கத்துலதான் இருக்கு, அதைத் தாண்டுனா கேரளா, அதனால எங்க பேஜைப் பாக்கறவங்கள்ல பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் ஆளுங்க நிறைய, மிச்சம் சென்னையும் கல்ஃபும்.

முதல்ல இடப் பிரச்சினையைச் சொல்லிடறேன். இன்ஸ்டாகிராம்ல ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரைக்கும் போடலாம், ஆனா போன்ல ஸ்க்ரோல் பண்றவங்களுக்குக் கண்ணுல படறது முதல் ஒண்ணு ரெண்டு வரிதான், சுமாரா 125 எழுத்துன்னு எங்க தொழில்ல ஒரு கணக்கு வச்சிருக்கோம், அதுக்கப்புறம் தட்டிப் பாத்தாத்தான் மீதி தெரியும். தமிழ்ல இது இன்னும் இறுக்கம். நம்ம கண்ணுக்கு ஒரு எழுத்தா தெரியறது, கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கற யூனிகோடு முறையில பல நேரம் ரெண்டா இருக்கும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. 'மார்த்தாண்டம்'னு எழுதுனா நமக்கு ஏழு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 13. அப்போ ஊர்ப் பேரு, கடைப் பேரு, 'அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்' இதையெல்லாம் போட்டு முடிக்கறதுக்குள்ள அந்த ரெண்டு வரி காலி. நான் வணக்கத்தை முதல் வரியில போடவே விடமாட்டேன். கடைக்காரங்களுக்கு இதுல வருத்தம் உண்டு, வர்றவங்களை வாங்கன்னு சொல்லாம எப்படிம்மான்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான், வாங்கன்னு சொல்றதைக் கடைசியில சொல்லிக்கலாம்னு சமாதானம் பண்ணுவேன்.

சரி, அந்த ரெண்டு வரியில என்ன எழுதறது? தேனை வச்சே சொல்றேன், ஏன்னா எங்க ஊருக்கே தேன்தான் பேரு. 1920-கள்ல இங்க ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்துல ஸ்பென்சர் ஹாட்ச்னு ஒரு அமெரிக்கர் மரப்பெட்டியில தேனீ வளக்கறதை விவசாயிகளுக்குச் சொல்லிக் குடுத்ததுலருந்து தொடங்கி, வீட்டுக்கு வீடு பெட்டி வந்துச்சு. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சிடுச்சு, இந்த ஊருக்கே உரிய பொருள்னு அரசு குடுக்கற அங்கீகாரம் அது. இப்படிப்பட்ட தேனுக்கு வர்ற கேப்ஷனை எடுத்துப் பாருங்க, பத்துல எட்டு 'இயற்கையின் அருங்கொடை', 'நூறு சதவீதம் சுத்தமான தேன்', அவ்வளவுதான். இதை ஊட்டித் தேனுக்கும் போடலாம், எங்கேருந்தோ வந்த பாட்டில் தேனுக்கும் போடலாம். எந்த ஊருக்கும் பொருந்துற வரி எங்க ஊர் ஆளுக்கு என்ன பிரயோஜனம்?

ஒரு ரப்பர் தோட்டத்துல பெட்டி வச்சிருந்த மாமா ஒருத்தரைப் பாக்கப் போயிருந்தோம், தேன் சீசன் போஸ்டுக்கு. டிசைன் பண்ற தம்பி வெள்ளைப் பூ, அதுல தேனீ, அப்படி ஒரு படம் ரெடி பண்ணி வச்சிருந்தான். மாமா போனை வாங்கிப் பாத்துட்டு, "மக்களே, ரப்பர் தேனு பூவுல இருந்தா வருது? இலைக்க காம்புல இருந்தில்லா வருது" அப்படின்னாரு. எழும்பிப் போயி தாழ இருந்த ஒரு கொப்பை வளைச்சுக் காட்டுனாரு. ரப்பர்ல ஒரு காம்புக்கு மூணு இலை, அந்த மூணும் சேருற இடத்துல சின்னச் சின்னதா மேடு, தொட்டா விரல் ஒட்டுது. பழைய இலை எல்லாம் உதிர்ந்து, ஜனவரி தாண்டி செம்பு நிறத்துல புது இலை வந்து, அது பச்சையாகி முத்துற வரைக்கும் அந்த இடத்துல இனிப்பு ஊறும், தேனீ அங்கதான் வந்து குடிக்கும், பூவுக்கு இதுல வேலையே இல்ல. மார்ச் வரைக்கும் இந்த வரத்து இருக்கும், அதுக்காகவே இங்க உள்ளவங்க பெட்டியை லாரியில ஏத்தி கேரளா ரப்பர் தோட்டங்களுக்கு ராத்திரியோட ராத்திரியா கொண்டு போறாங்க, பகல்ல கொண்டு போனா தேனீ வெளிய போயிரும்.

அன்னைக்கு எழுதுன முதல் வரி இதுதான்: 'இந்தத் தேன் பூவுல இருந்து வரல. ரப்பர் இலையோட காம்புல இருந்து வருது.' படத்தையும் மாத்தி, மாமா வளைச்சுப் பிடிச்ச கொப்பையே போட்டோம், அவரு விரலும் சேர்த்து. நிறைய பேரு அதைச் சேவ் பண்ணி வச்சாங்க, ஷேர் பண்ணாங்க, ரப்பர் தோட்டத்துலயே பிறந்து வளந்தவங்க எல்லாம் கீழ வந்து, எனக்கே இது தெரியாதேன்னு எழுதுனாங்க. லைக்கை விட சேவும் ஷேரும்தான் எனக்குப் பெருசு. லைக் போற போக்குல விழும், ஒருத்தரு எடுத்து வச்சுக்கிட்டாருன்னா திரும்ப வருவாருன்னு அர்த்தம்.

அதே மாமாகிட்ட இருந்து இன்னொண்ணு. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், குளுக்கோஸ் கூடுதல். வாங்குனவங்க அடியில வெள்ளையா படிஞ்சதைப் பாத்துட்டு சர்க்கரைப் பாகு கலந்துட்டாங்கன்னு போன் போட்டுச் சண்டை பிடிப்பாங்க. இதை வாங்குறதுக்கு முன்னாடியே கேப்ஷன்ல சொல்லிட்டா அந்தச் சண்டை வராது. 'கொஞ்ச நாள்ல அடியில உறையும், வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வச்சா இளகிரும்'னு ஒரு வரி. குறையா தெரியற விஷயத்தை நாமளே முன்னால எடுத்து வச்சா ஆளுக்கு நம்பிக்கை வருது, இதை நான் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன். ஒரு வயசு ஆகாத பிள்ளைகளுக்குத் தேன் குடுக்கக் கூடாதுங்கறதையும் சேர்த்தே எழுதுவேன், பொட்டுலிசம்னு ஒரு கிருமி விஷயம் இருக்கு, பிஞ்சுக் குடல் அதைத் தாங்காது. பிறந்த பிள்ளைக்கு நாக்குல தேன் தொட்டு வைக்கற பழக்கம் நம்ம பக்கம் இருக்கறதால இதை எழுதாம இருக்க எனக்கு மனசு வராது.

எழுத மாட்டேன்னு சொன்னதும் உண்டு. ஒரு கடைக்காரரு தேனைப் பத்தி 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்'னு போடச் சொன்னாரு. மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கற 1954-ஆம் வருஷத்துச் சட்டத்துல சர்க்கரை நோய் பேரே இருக்கு, அதைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்ணவே கூடாது. சட்டத்தை விடுங்க, அதை நம்பி ஒரு அம்மா மாத்திரையை நிறுத்திட்டு தினமும் மூணு ஸ்பூன் தேன் குடிச்சா யாரு பதில் சொல்றது? நான் எழுதல, அவரு வேற ஆளைப் பாத்துக்கிட்டாரு. ஆபீஸ்ல அந்த மாசம் அது வருமானத்துல இடிச்சது, ஆனாலும் எங்க ஓனரு என் பக்கம்தான் நின்னாரு, அதை நான் மறக்க மாட்டேன்.

புவிசார் குறியீடு விஷயத்துலயும் கவனமா இருப்பேன். எங்க மாவட்டத்து வாழைப்பழமான மட்டிப்பழத்துக்கும் 2023-ல கிடைச்சிடுச்சு, உடனே மட்டி விக்கற எல்லாரும் அந்த முத்திரையைப் போஸ்டுல போடச் சொல்றாங்க. அங்கீகாரம் பெற்ற பயனாளரா பதிவு பண்ணவங்கதான் அந்தக் குறியீட்டைப் போட்டு விக்கலாம். பதிவு இல்லாதவங்களுக்கு நான் தோட்டத்தைப் பத்தி எழுதுவேன், எந்த ஊரு, யாரு வச்ச வாழை, எப்ப வெட்டுனது. முத்திரையே வேண்டாம், பழத்தோட மணத்தைச் சொன்னாலே மட்டி தெரிஞ்சவங்க வந்துருவாங்க.

ஓணம் வந்தா எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அத்தத்துல இருந்து திருவோணம் வரைக்கும் பத்து நாள் கேரளாவுல வாசல்ல பூக்களம் போடுவாங்க, தோவாளைச் சந்தையில இருந்து கேந்தியும் வாடாமல்லியும் அரளியும் வண்டி வண்டியா போகும். பூவுக்கு எழுதுற கேப்ஷன்ல அழகுக்கு வேலை ரொம்பக் கம்மி. எத்தனை மணிக்குள்ள சொன்னா எத்தனை மணிக்குப் பூ வீட்டுக்கு வரும், கிலோவா முழமா, இதுதான் முதல் ரெண்டு வரி. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு நம்ம பேச்சு நல்லா புரியும், தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது, அதனால மலையாளத்துக்குத் தனிப் போஸ்டே போடுவோம். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு பாஷையையும் அடைச்சா ரெண்டாவதா இருக்கறதை யாரும் தட்டிப் பாக்கறதில்ல. மலையாளம் எழுதித் தர்ற சேச்சி பாறசாலைக்காரங்க, என் தமிழை அப்படியே மாத்தாம, விஷயத்தை மட்டும் கேட்டுக்கிட்டு அவங்க வீட்டுல பேசற மாதிரி புதுசா எழுதுவாங்க. அவங்க எழுதுறது பல நேரம் என்னுதை விட நல்லா இருக்கும், ஆசையா படிக்கச் சொல்லிக் கேப்பேன்.

இப்போ கொஞ்ச நாளா எல்லாரும் ஆப்புல கேப்ஷன் எடுக்கறாங்க, நொடியில பத்து வருது. ஒண்ணும் தப்பில்ல, அவசரத்துக்கு உதவும். ஆனா அந்த ஆப்பு ரப்பர் கொப்பை வளைச்சுப் பாக்கல, அதுக்கு முந்திரிக்கொத்து மாவுல முக்கி எண்ணெயில விடறப்போ வர்ற சத்தம் தெரியாது. போய்ப் பாத்தவங்க குடுக்கற ஒரு விவரம் உள்ள இருந்தா அது எழுதுனாலும் நல்லாத்தான் வருது. விவரம் இல்லைன்னா பத்துமே ஒரே மாதிரிதான்.

கடைசியா ஒண்ணு, இது நிறைய பேரு கவனிக்கறதில்ல. கண் பார்வை இல்லாத ஒரு அண்ணாச்சி முந்திரிக்கொத்து அக்காவோட வாடிக்கை. போன் வாசிச்சுக் காட்டறதைக் கேட்டுத்தான் எல்லாம் வாங்குவாரு. விலையும் எடையும் படத்துக்குள்ள எழுதியிருந்தா அவரு போன் அதை ஒழுங்கா வாசிக்காது, வரிசையா பத்து எமோஜி வச்சா பத்தையும் பேரு பேரா சொல்லிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும், இங்கிலீஷ்ல கடைப் பேரை வளைச்சு நெளிச்சு போடற எழுத்து வகையெல்லாம் அதுக்கு எழுத்தாவே தெரியாது. அவரு பொறுமையா போன்ல இதையெல்லாம் விளக்கிச் சொன்னப்போ நான் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறம் எங்க போஸ்ட் எல்லாத்துலயும் எடை, விலை, கொரியர் சார்ஜ், போன் நம்பர் நாலும் கேப்ஷன்லயே இருக்கும், படத்துல என்ன இருக்குன்னு ஒரு வரி தனியா மாற்று உரையில (போன் வாசிச்சுக் காட்டற படக் குறிப்பு) போடுவோம், எமோஜி வேணும்னா கடைசியில ஒண்ணு. அக்காவுக்கு விலை என்னன்னு கேட்டு வர்ற மெசேஜும் இதனால பாதியா குறைஞ்சிருக்கு, அந்த நேரத்துல எண்ணெயில இன்னும் ரெண்டு ஈடு கூடப் போட்டு எடுக்க முடியுதுன்னு சொல்றாங்க.