கறை யாருடையது, என்ன கறை: ஆய்வக நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

கறை எந்த உடல் திரவம் என்று கண்டறியும் ஆர்என்ஏ வேலை இன்று தொடங்கியது. டிஎன்ஏ பிரித்தெடுக்கும்போது இல்லாத கெடுபிடி இதில். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி நம் தோலிலேயே இருப்பதால், மேசை, பிப்பெட் எல்லாம் துடைத்து, புதுக் கையுறை மாட்டிய பிறகுதான் குழாயைத் திறக்கவே விட்டார் சீனியர் அக்கா. பருத்தித் துணியில் காயவைத்த ரத்தம், உமிழ்நீர், மாதவிடாய் ரத்தம், எல்லாம் தன்னார்வலர்கள் தந்தவை. சிறு துண்டு வெட்டி, அதிலிருந்தே டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டையும் எடுக்கிறோம். வழக்கில் வரும் கறை பல நேரம் மறுபடி வெட்டும் அளவுக்கு இருக்காது.

மார்ச் 6, வியாழன்

ஒருவரின் ரத்தத்திலும் உமிழ்நீரிலும் டிஎன்ஏ வரிசை ஒன்றேதான். ஆள் யார் என்று சொல்லும். எந்தத் திரவம் என்று சொல்லாது. அந்தச் செல்லில் எந்த மரபணு வேலை செய்தது என்பதைக் காட்டுவது தூது ஆர்என்ஏ. ரத்தத்துக்கு ஹீமோகுளோபினின் எச்பிபி மரபணு, உமிழ்நீருக்கு ஸ்டேதரின், விந்தணுவுக்கு புரோட்டமின். பழைய வேதிச் சோதனைகளின் இடத்தில் இதை வைக்கலாம் என்று 2003இல் புளோரிடாவிலிருந்து யூசோலாவும் பாலன்டைனும் எழுதினார்கள். நியாயமான பேச்சுதான். ரத்தத்துக்கான பினால்ஃப்தலீன் சோதனை பிளீச்சுக்கும் சில காய்கறிச் சாறுக்கும்கூட நிறம் மாறும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பார்த்ததை மறக்க மாட்டேன். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் எச்பிபி பீக் (கருவியின் வரைபடத்தில் எழும் முகடு) மட்டும். மாதவிடாய் ரத்தத்தில் எச்பிபியோடு எம்எம்பி 10, அதுவும் நன்றாக உயரமாக. கருப்பையின் உட்படலம் உதிரும்போது அதைக் கரைக்கும் நொதிகளின் குடும்பம் எம்எம்பி.

பாலியல் வன்முறை வழக்கில் உள்ளாடையில் ரத்தம் இருந்தால், "மாதவிடாய் ரத்தம்தானே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். காயத்து ரத்தமானாலும் மாதவிடாய் ரத்தமானாலும் இரண்டுமே அவளுடைய ரத்தம் என்பதால் டிஎன்ஏவுக்கு அங்கே பதில் இல்லை. ஒரு பெண்ணின் சொல்லை எடைபோடும் இடத்தில் இந்தப் பீக்குக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் மாதவிடாயின் எந்த நாளில் எடுத்தது என்பதைப் பொறுத்து எம்எம்பி அளவு மாறும். அது வரவில்லை என்பதை வைத்து மட்டும் காயத்து ரத்தம் என்று எழுதக் கூடாது.

மார்ச் 13, வியாழன்

ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் ஆர்டி நொதி சேர்க்காமல் ஓட்டிய கட்டுப்பாட்டு மாதிரிகளில் ஒன்றும் வரவில்லை. சரி, டிஎன்ஏ கலப்பு இல்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று முழுக்கப் பேச்சு. கருத்தடை செய்துகொண்ட ஆணின் விந்தில் விந்தணு இருக்காது, புரோட்டமின் வராது, விந்துத் திரவத்தைக் காட்டும் செமனோஜெலின் வரும். அதனால் இரண்டும் தேவை. அப்புறம், காய்ந்த கறையில் ஆர்என்ஏ நாம் பயப்படுகிற அளவுக்குச் சீக்கிரம் அழிவதில்லை. நீர் இல்லாமல் நொதி வேலை செய்யாதே. 16 ஆண்டு வரை பழைய ரத்த, உமிழ்நீர்க் கறைகளிலும் திரவத்தைக் காட்டும் ஆர்என்ஏ குறிகளைக் கண்டதாக நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள்.

சிக்கல் கலப்புக் கறையில். இருவரின் டிஎன்ஏ, கூடவே ரத்தம், உமிழ்நீர் இரண்டின் ஆர்என்ஏ. எது யாருடையது? வழக்கமான குறிகள் அதைச் சொல்லாது. "அவருடைய உமிழ்நீர்" என்று அறிக்கையில் எழுதிவிட்டால், சோதனை சொல்லாததை நாம் சொன்னதாகிவிடும். "உமிழ்நீர்க் குறிகள் கிடைத்தன" என்பதோடு நிறுத்த வேண்டும் என்றேன். அக்காவும் அதையே சொன்னார். நாளை முதல் கலப்பு மாதிரிகள்.